மைக்கூடும் மூசையும்

நுழையும்முன்

கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இயங்கும் சில்லுகள் சிலிக்கன் என்னும் தனிமத்தால் ஆனவை. அந்தச் சிலிக்கன் முதலில் ஆளுயரத் தூணாக, ஒரே படிகமாக வளர்க்கப்படுகிறது. பின்னரே மெல்லிய தகடுகளாக அறுக்கப்படுகிறது. அவ்வாறு வளர்க்கும் வழிக்குச் சோக்ரால்ஸ்கி முறை என்று பெயர். ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அப்பெயர் நாள்தோறும் வழங்கிவந்த காலத்தில், பெயருக்கு உரியவரின் கல்லறையில் அவர் பெயர் பொறிக்கப்படாமலே இருந்தது. போலந்து நாட்டு உலோகவியல் அறிஞர் யான் சோக்ரால்ஸ்கியின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கற்கண்டும் உலோகமும்

பனங்கற்கண்டு எடுக்கும் தொழிலை அறிந்தவர்களுக்குப் படிகம் புதிய செய்தியன்று. பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் தொங்கவிட்ட கலத்தில் ஊற்றிப் பல நாள் அசையாமல் வைத்திருப்பர். பாகில் கரைந்திருந்த இனிப்பு மெல்ல மெல்ல நூலைப் பற்றிக்கொண்டு பட்டை பட்டையான கட்டிகளாக விளையும். கலத்தை அடிக்கடி அசைத்தாலோ பாகை விரைந்து ஆறவிட்டாலோ நல்ல கட்டி விளையாது, பொடியே மிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்போர் கற்கும் முதற்பாடமும் இதுவே. பற்றி வளர ஒரு பிடிமானம் வேண்டும். விரைவும் அதிர்வும் ஆகா.

அணுக்களோ மூலக்கூறுகளோ ஓர் ஒழுங்கில், ஒரே திசையமைப்பில், திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்மமே படிகம். உப்பும் சர்க்கரையும் படிகங்கள் என்பதைக் கண்ணாலேயே காண்கிறோம். உலோகங்களும் படிகங்களே என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியைச் சற்று உற்றுநோக்குக. அதன்மேல் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். அத்திட்டு ஒவ்வொன்றும் ஒரு படிக மணியாகும். உருகிய உலோகம் ஆறும்போது பல இடங்களில் ஒரே நேரத்தில் படிகங்கள் தோன்றுகின்றன, நாற்புறமும் வளர்கின்றன, பின் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடுகின்றன. அவை முட்டிய இடமே எல்லைக்கோடு. அவ்வெல்லையில் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும். மாசுகள் அங்கே வந்து சேரும். மின்னோட்டமும் அங்கே தடுமாறும். எல்லைக்கோடு ஒன்றுகூட இல்லாமல், ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே ஒழுங்கில் அமைந்த துண்டினை ஒற்றைப் படிகம் என்பர்.

அத்தகைய படிகத்தை இயற்கை அரிதாகவே தருகிறது. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் அகஸ்ட் வெர்னூய் என்பார் 1902ஆம் ஆண்டில், அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டவிட்டுச் செயற்கை மாணிக்கம் விளைவிக்கும் வழியை அறிவித்தார். உருகிய உலோகத்திலிருந்து ஒற்றைப் படிகத்தை இழுத்தெடுக்கும் எளிய வழி, அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. அதுவும் தேடிச் சென்றவருக்குக் கிடைத்ததன்று. வேறொன்றைத் தேடியவர் கையில் வந்து சேர்ந்தது.

தச்சர் வீட்டுப் பிள்ளை

யான் சோக்ரால்ஸ்கி 1885ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கிசினியா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் பிறந்த காலத்திலோ போலந்து என்றொரு நாடு உலக வரைபடத்தில் இல்லை. அண்டைப் பேரரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன; கிசினியா பிரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்தது. வீட்டில் பேசியது போலந்து மொழி. அலுவலகங்களில் ஆண்டது ஜெர்மன் மொழி. பிற்காலத்தில் அவரை இரு நாட்டாரும் ஐயுற்றதற்கான வேர் அவர் பிறந்த மண்ணிலேயே இருந்தது எனலாம்.

தந்தையார் பிரான்சிசேக் தச்சுத் தொழில் செய்தவர், தாயார் மார்த்தா. பத்துப் பிள்ளைகளுள் யான் எட்டாமவர். பிள்ளை ஆசிரியராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். எனவே உள்ளூரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் பயின்றார். பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தபோது, அதில் இடப்பட்டிருந்த மதிப்பெண்கள் நேர்மையற்றவை என்று கருதி அதனைக் கிழித்தெறிந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இளமையின் சினம் என்று அதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் அக்காலத்தில் அதற்குரிய விலை பெரிது. சான்றிதழ் இல்லாதவர் ஆசிரியராகவும் முடியாது. முறையாகப் பல்கலைக்கழகம் புகவும் முடியாது. வேதியியல் ஆர்வமோ அவரை விட்டபாடில்லை. குரோட்டோசின் என்னும் ஊருக்குச் சென்று மருந்துக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். நிறுப்பதும் அரைப்பதும் கலப்பதுமாக, புட்டிகளின் நடுவே அவர் வேதியியல் கற்றார்.

1904ஆம் ஆண்டில் பெர்லின் நகரை அடைந்தார். அங்கும் முதலில் மருந்துக்கடையே புகலிடமாயிற்று. பின்னர் வேதித் தொழிற்கூடமொன்றில் பணியாற்றி, 1907ஆம் ஆண்டளவில் ஏ.இ.ஜி. என்னும் பெரிய மின்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். பகலில் உலோகங்களின் தூய்மையைச் சோதிப்பது தொழில். ஓய்வு நேரத்தில் சார்லாட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரைகள் கேட்பது வழக்கம். மின்கம்பிகளுக்குச் செம்புக்கு மாற்றாக அலுமினியத்தைக் கொண்டுவர முயன்ற காலம் அது. கம்பி ஏன் ஒடிகிறது, எங்கே ஒடிகிறது என்னும் வினாக்கள் அவரை உலோகத்தின் உள்ளமைப்பை நோக்கி இட்டுச் சென்றன. விக்கார்டு ஃபான் மோலண்டார்ஃப் என்னும் பொறியாளருடன் இணைந்து, உலோகங்களின் படிக அமைப்பைப் பற்றி 1913ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். இதற்கிடையே 1910ஆம் ஆண்டில் மார்கெரித் ஹாசே என்னும் பியானோ இசைக்கலைஞரை மணந்தார். அவர்களுக்கு மூன்று மக்கள் பிறந்தனர்.

தவறித் தோய்ந்த பேனா

1916ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. உருகிய உலோகம் எவ்வளவு விரைவாகப் படிகமாகிறது என்பதை அளப்பது எவ்வாறு என்ற ஆராய்ச்சியில் சோக்ரால்ஸ்கி ஈடுபட்டிருந்தார். மேசைமேல் ஒரு மூசையில் உருகிய வெள்ளீயம் ஆறிக்கொண்டிருந்தது. அருகில் மைக்கூடு. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சிந்தனை வேறெங்கோ இருந்ததால், மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய பேனாவை மூசையில் தோய்த்துவிட்டார். வெடுக்கென்று வெளியே எடுத்தபோது, பேனா முள்ளின் நுனியிலிருந்து மெல்லிய வெள்ளீய இழை ஒன்று தொங்கியது. அறிவியல் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது.

பேனாவைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குவதே எவரும் செய்யக்கூடியது. அவர் அந்த இழையை ஆராய்ந்தார். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். மூசையிலிருந்து மேலெழுந்த உடனே இழை உறைந்திருக்கிறது. ஆனால் உறைந்த இழையில் வழக்கமான மணிகளும் எல்லைக்கோடுகளும் இல்லை. முழு இழையும் ஒரே படிகமாக இருந்தது!

காரணம் பேனா முள்ளின் நடுவிலுள்ள சிறு பிளவு. அவ்விடுக்கில் ஏறிய உலோகம் முதலில் குளிர்ந்து படிகமாயிற்று. இடம் மிகக் குறுகலாகையால் பல படிகங்கள் போட்டியிட வழியில்லை, ஒன்றே நிலைத்தது. அதன்பின் மேலே இழுக்கப்பட்ட உலோகம் முழுவதும், முன்னே நின்ற அந்தப் படிகத்தின் ஒழுங்கையே பின்பற்றி அணு அணுவாக அடுக்கிக்கொண்டது. கற்கண்டுக்கு நூல் செய்த வேலையை இங்கே பேனா முள் செய்தது.

சோக்ரால்ஸ்கி பேனாவுக்கு மாற்றாக நுண்துளைக் குழாயை அமைத்தார். கையால் இழுப்பதை விட்டுக் கடிகாரப் பொறியால் இழுத்தார். பொறி ஒரு நூலைச் சீரான வேகத்தில் சுருட்டும். நூலின் முனையில் தொங்கும் பிடிமானம் உருகிய உலோகத்தைத் தொட்டு மேலெழும். அதன் பின்னால் உலோக இழை வளரும். அவர் அளக்க விரும்பியதும் இவ்வழியில் எளிதாயிற்று. உலோகம் படிகமாகும் வேகத்தைவிட இழுக்கும் வேகம் மிகுந்தால் இழை அறுந்துவிடும். அறாமல் இழுக்கக்கூடிய உச்ச வேகம் எதுவோ, அதுவே அவ்வுலோகம் படிகமாகும் வேகம். வெள்ளீயத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் எனக் கண்டார். துத்தநாகத்தையும் காரீயத்தையும் அவ்வாறே அளந்தார்.

1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதழுக்கு அனுப்பப்பட்ட அக்கட்டுரை, 1918ஆம் ஆண்டில் அச்சேறியது. அதன் தலைப்பு படிகம் வளர்ப்பதைப் பற்றியதன்று. உலோகங்கள் படிகமாகும் வேகத்தை அளக்கும் புதிய முறையைப் பற்றியது. தாம் கண்டறிந்த வழியால் உலகம் பின்னாளில் என்ன செய்யப்போகிறது என்பதை அவர் அப்போது அறிந்திருக்க இயலாது. சிலிக்கன் சில்லுகள் அன்று இல்லை.

தெரியுமா?

அமெரிக்க இயற்பியல் அறிஞர் பெர்சி பிரிட்ஜ்மன் 1925ஆம் ஆண்டில் மற்றொரு முறையை வெளியிட்டார். அடி கூம்பிய குழாயில் உலோகத்தை உருக்கி, அதனை உலையிலிருந்து மெதுவாகக் கீழிறக்கினால், கூர்முனையில் முதலில் தோன்றும் படிகமே மேல்நோக்கி வளரும். சோக்ரால்ஸ்கி முறையில் படிகம் கலத்தின் சுவரைத் தொடாமல் வளர்கிறது. பிரிட்ஜ்மன் முறையில் கலத்தின் சுவரோடு ஒட்டியே வளர்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பொருள்கள் உள.

புகழும் திரும்பலும்

1917ஆம் ஆண்டில் சோக்ரால்ஸ்கி பிராங்பர்ட் நகரில் உலோக ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்கச் சென்றார். அங்கு அவர் உருவாக்கிய உலோகக்கலவையே அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் தேடித்தந்தது. இரயில் பெட்டிகளின் அச்சைத் தாங்கும் தாங்கிகளுக்கு அதுவரை வெள்ளீயம் மிகுந்த கலவையே பயன்பட்டது. வெள்ளீயம் ஜெர்மனியில் கிடைப்பதரிது. காரீயத்துடன் சோடியம், கால்சியம் போன்றவற்றைச் சிறிதளவே சேர்த்து, வெள்ளீயமே இல்லாத கலவையை அவர் ஆக்கினார். இரயில் உலோகம் எனப் பெயர் பெற்ற அது பல நாடுகளுக்குச் சென்றது. 1924ஆம் ஆண்டில் உலோகவியல் குறித்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. ஜெர்மன் உலோகவியல் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அவர், 1925ஆம் ஆண்டில் அதன் தலைவரானார். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் நிறுவனத்துக்கு அழைத்தும் அவர் செல்லவில்லை.

முதல் உலகப்போருக்குப்பின் போலந்து மீண்டும் தனி நாடாகியிருந்தது. அதன் குடியரசுத் தலைவராக இருந்த இக்னாசி மோசிட்ஸ்கி தாமும் ஒரு வேதியியல் அறிஞர். அவருடைய அழைப்பை ஏற்று, 1928ஆம் ஆண்டில் சோக்ரால்ஸ்கி பிராங்பர்ட் வாழ்வை விட்டு வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தார். வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டில் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துப் பேராசிரியராகவும் ஏற்றுக்கொண்டது. பள்ளிச் சான்றிதழைக் கிழித்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

வந்தவரை எல்லாரும் வரவேற்கவில்லை. ஜெர்மனியில் பொருளீட்டியவர், முறையான பட்டம் இல்லாதவர், அரசின் ஆதரவால் வந்தவர் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர், இரயில் உலோகம் தரக்குறைவானது என்றும் அதனை வாங்கியதால் நாட்டுக்கு இழப்பு என்றும் குற்றம் சுமத்தினார். வழக்கு நீதிமன்றம் சென்றது, சோக்ரால்ஸ்கி வென்றார். பகை மட்டும் தீரவில்லை. அவருடைய வார்சா இல்லத்தில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடுவது வழக்கமாயிற்று. இசைமேதை சோபின் பிறந்த இல்லத்தைப் புதுப்பிக்கவும், பிஸ்குபின் என்னும் தொல்லூரில் நடந்த அகழாய்வுக்கும் அவர் பொருளுதவி செய்தார். அவர் கவிதைகளும் எழுதியவர் என்பது பலர் அறியாதது.

இரு பக்கத்து ஐயம்

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஆசிரியர்களும் மாணவர்களும் பிழைப்பின்றி நின்றனர். எந்த நேரத்திலும் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்படலாம் என்ற நிலை. அச்சூழலில் சோக்ரால்ஸ்கி, ஆக்கிரமித்தவர்களின் இசைவைப் பெற்றுப் பல்கலைக்கழக வளாகத்தில் பொருளாய்வு நிலையம் ஒன்றை நடத்தினார். அந்நிலையம் ஜெர்மானியப் படைக்கும் வேலை செய்து கொடுத்தது. இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அந்நிலையத்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. அங்குப் பணியாளர் எனச் சான்று பெற்றவர்கள் பிடித்துச் செல்லப்படாமல் தப்பினர். தாயகப் படை என்னும் போலந்து மறைமுக விடுதலைப் படைக்கு வேண்டிய படைக்கலப் பகுதிகள் அங்கே கமுக்கமாகச் செய்யப்பட்டன. ஜெர்மானிய அலுவலர்களிடம் தமக்கிருந்த அறிமுகத்தைக் கொண்டு, சிறைப்பட்ட சிலரை விடுவிக்கவும் அவர் முயன்றார். ஒரே கூரையின்கீழ் பகைவனுக்கும் விடுதலைப் படைக்கும் வேலை நடந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதுமாயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கோ, ஜெர்மானியருடன் கைகுலுக்கும் ஒரு பேராசிரியர் மட்டுமே தெரிந்தார். அடிமைப்பட்ட நகரத்தில் அவர் எடுத்த முடிவை, விடுதலை பெற்ற நாட்டில் அமர்ந்து எடைபோடுவது எளிதன்று.

போர் முடியும் தறுவாயில், 1945ஆம் ஆண்டு ஏப்ரலில், பகைவருக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் அவர் கைது செய்யப்பட்டார். சில மாதங்கள் உசாவியபின், சான்றுகள் இல்லையென்று வழக்குக் கைவிடப்பட்டது. ஆகஸ்டில் அவர் வெளியே வந்தார். சட்டம் விட்டுவிட்டது, பல்கலைக்கழகம் விடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய அதன் ஆட்சிமன்றம், அவரை மீண்டும் பேராசிரியராக ஏற்க மறுத்தது. மறைமுகப் படைக்கு உதவியதை எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். போருக்குப்பின் அமைந்த புதிய ஆட்சி தாயகப் படையினரையே வேட்டையாடிக்கொண்டிருந்தது. ஒரு குற்றத்திலிருந்து விடுபடச் சொல்லவேண்டிய உண்மை, அன்றைய ஆட்சியின் கண்ணில் மற்றொரு குற்றம்.

ஒரே காலம், இரு கூடங்கள்

சோக்ரால்ஸ்கி தாம் பிறந்த கிசினியாவுக்கே திரும்பினார். அங்கே பயான் என்ற பெயரில் சிறு வேதிப்பொருள் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். முகப்பூச்சு, காலணி மெருகு, சளிக்கான பொடி முதலியவை அங்கே செய்து விற்கப்பட்டன. மருந்துக்கடையில் தொடங்கிய வாழ்வு, அறுபது வயதில் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து நின்றது.

அதே ஆண்டுகளில், கடலுக்கப்பால் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அவருடைய முறை உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு டிரான்சிஸ்டர் கண்டறியப்பட்டது. அதற்குப் பயன்பட்ட ஜெர்மானியம் பல மணிகள் சேர்ந்த கட்டி. ஒரு கட்டியில் செய்த கருவி போல் மற்றொன்று இயங்கவில்லை. ஒற்றைப் படிகம் வேண்டும் என்று கார்டன் டீல் என்னும் வேதியியல் அறிஞர் வற்புறுத்தினார். மேலிடத்தார் அதனைத் தேவையற்ற செலவென்று கருதினர். எனவே டீல், ஜான் லிட்டில் என்னும் பொறியாளருடன் சேர்ந்து 1948ஆம் ஆண்டில் தாமே ஒரு கருவி அமைத்தார். பிறர் வீடு திரும்பியபின் இரவில் வேலை நடக்கும். சக்கரம் பூட்டிய கருவி விடியுமுன் ஓரமாகத் தள்ளி வைக்கப்படும். அவர்கள் கையாண்டது சோக்ரால்ஸ்கியின் முறையே. ஆனால் நுண்துளைக் குழாய்க்கு மாற்றாக, முன்பே ஒழுங்கமைந்த சிறு படிகத் துண்டு ஒன்றை வித்தாகத் தோய்த்தனர். வித்தின் ஒழுங்கு எதுவோ அதுவே விளைவின் ஒழுங்கு. 1950ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படிகத்தைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. 1952ஆம் ஆண்டளவில் சிலிக்கனும் வசப்பட்டது.

சிலிக்கன் எளிதில் வசப்படும் பொருளன்று. அதன் உருகுநிலை 1414 டிகிரி செல்சியஸ். அந்த வெம்மையில் உருகிய சிலிக்கன், தன்னை ஏந்தும் கலத்தையே கரைக்க முற்படும். உருகிய ஜெர்மானியத்தைக் கரிமக் கலத்தில் வைக்கலாம். சிலிக்கனுக்கு அது ஒவ்வாது. குவார்ட்சுக் கலம் ஓரளவு தாங்கும். அதுவும் சிறிது சிறிதாகக் கரைந்து ஆக்சிஜனைச் சிலிக்கனில் கலந்துவிடும். காற்றுப் பட்டால் ஆகாது என்பதால் ஆர்கான் வாயுவின் நடுவே வேலை நடைபெற வேண்டும். வித்துப் படிகம் ஒரு திசையிலும் கலம் எதிர்த்திசையிலும் சுழன்றால்தான் வெப்பம் சீராகப் பரவும். வெப்பம் சற்றுக் குறைந்தால் படிகம் பருக்கும், மிகுந்தால் மெலியும். சேர்க்கப்படும் மாசணுக்கள் படிகத்துக்குள் புகுவதைவிட உருகுநிலையிலுள்ள பாகில் தங்குவதையே விரும்புவதால், தூணின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் மின்பண்பு வேறுபடும். பாதி வளர்ந்தபின் எங்கேனும் ஒழுங்கு பிறழ்ந்தால், அதற்குக் கீழுள்ளது முழுவதும் பல மணிக் கட்டியாகிவிடும். மீண்டும் உருக்கவே வேண்டும். சோக்ரால்ஸ்கியின் வெள்ளீய இழை நிமிடத்துக்கு 90 மில்லிமீட்டர் எழுந்தது. சிலிக்கன் தூண் எழுவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

மற்றொரு சிக்கலும் இருந்தது. வித்து சூடான பாகைத் தொடும்போது ஏற்படும் அதிர்ச்சியால், அதனுள் அணு வரிசைகளில் பிழைகள் தோன்றி, வளரும் படிகத்துக்குள்ளும் இறங்கும். 1950களின் இறுதியில் வில்லியம் டாஷ் என்பார் இதற்கு வழி கண்டார். தொடக்கத்தில் படிகத்தைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கழுத்தாக இழுத்தால், பிழைகள் பக்கவாட்டில் வெளியேறி மறைந்துவிடும்; அதன்பின் தூணைப் பருக்கவிடலாம். இன்று 300 மில்லிமீட்டர் விட்டமும் நூறு கிலோவுக்கு மிகுந்த எடையும் உடைய சிலிக்கன் தூண், அத்தகைய மெல்லிய கழுத்திலேயே தொங்கிக்கொண்டு வளர்கிறது. கலத்திலிருந்து புகும் ஆக்சிஜனும் முற்றிலும் பகையன்று எனப் பின்னர் தெரிந்தது. அளவோடு இருந்தால் அது தகட்டுக்கு உறுதி சேர்க்கிறது. வேண்டாத உலோக மாசுகளையும் ஓரிடத்தில் பிடித்துவைக்கிறது.

டீலும் அவருடைய துணைவர்களும் சிலிக்கனை இழுத்தெடுத்து ஓராண்டே ஆகியிருந்தது. கிசினியாவில் சோக்ரால்ஸ்கியின் இல்லத்தைப் பாதுகாப்புக் காவலர்கள் சோதனையிட்டனர். அந்நிகழ்ச்சிக்குப்பின் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் போஸ்னான் நகரில் அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 67. கிசினியாவின் பழைய இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.

ஆவணம் பேசிய நாள்

அடுத்த அரை நூற்றாண்டில் சோக்ரால்ஸ்கி முறை என்னும் தொடர் பாடநூல்களிலும் காப்புரிமங்களிலும் ஆலைகளிலும் பெருகிற்று. அம்முறையைக் கற்ற மாணவர்களுட் பலர், அவர் எந்நாட்டவர் என்பதையும் அறியார். 1980களில் போலந்து அறிஞர்கள் சிலர் அவருக்கு நீதி கேட்டு முயன்றனர். அம்முயற்சி அப்போது வெற்றி பெறவில்லை. 1998ஆம் ஆண்டில் கல்லறையில் பெயர் பொறிக்கப்பட்டது.

பின்னர் அரசு ஆவணக்காப்பகத்தில், போர்க்காலத்தில் அவர் தாயகப் படையின் உளவுப் பிரிவுடன் இணைந்து செயற்பட்டதைக் காட்டும் ஆவணம் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள், வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் கூடி, 66 ஆண்டுகளுக்குமுன் அதே மன்றம் அவர்மேல் விட்டுச்சென்ற கறையைத் துடைத்தது. போலந்து நாடாளுமன்றம் 2013ஆம் ஆண்டை யான் சோக்ரால்ஸ்கி ஆண்டு என அறிவித்தது.